வயிற்றுப் புண்ணும் இரைப்பைப் புற்றுநோயும்: வாழும் விதமும் வளர்ந்த சூழலும் பற்றிய கேள்விகள்

ஒருவருக்கு அல்சர் என்று தெரிந்ததும் சுற்றியிருப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "நேரத்துக்குச் சாப்பிட்டிருந்தால் இது வந்திருக்குமா?" என்பதுதான். நோயாளியும் அதை நம்பிவிடுகிறார். புற்றுநோய் என்றால் கேட்கவே வேண்டாம்; என்ன தப்புச் செய்தேன் என்று பழைய நாட்களைத் தோண்ட ஆரம்பித்துவிடுகிறார். இந்தப் பழி பெரும்பாலும் நியாயமில்லாதது. பலருக்கு இந்த நோய்களின் வேர், பள்ளிக்கூடம் போகும் வயதுக்கு முன்பே, அவர்கள் வளர்ந்த வீட்டின் தண்ணீரிலும் இட நெருக்கடியிலும் ஊன்றிவிடுகிறது. பெரியவர்களான பிறகு நம் கையில் இருக்கும் விஷயங்களும் உண்டு. எது நம் கையில் இருக்கிறது, எது இல்லை என்று பிரித்துச் சொல்லத்தான் இந்தப் பதில்கள்.

அல்சர் என்றால் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது?

இரைப்பையில் சுரக்கும் அமிலம் இறைச்சியையே கரைக்கக்கூடியது. அது இரைப்பையை அரிக்காமல் இருப்பதற்குக் காரணம், உள்சுவரின்மேல் பூசினாற்போல் படிந்திருக்கும் சளிப்படலம். அந்தக் காப்பு ஓரிடத்தில் பலவீனமானால் அமிலம் சுவரைத் தொட்டு அரிக்கிறது. அதுதான் புண். எண்டோஸ்கோபி, அதாவது வாய்வழியாகக் கேமரா பொருத்திய குழாயைச் செலுத்திப் பார்க்கும் சோதனை. அதன் திரையில் பார்த்தால், ஈரமாக மினுங்கும் இளஞ்சிவப்புப் பரப்பின் நடுவே, அடியில் வெள்ளையோ மஞ்சளோ படிந்த ஒரு சின்னப் பள்ளம் தெரியும். பல நேரம் விரல்நுனி அகலம்கூட இருக்காது. ஆனால் அதன் அடியில் ஒரு ரத்தக்குழாய் திறந்துகொண்டால் உயிருக்கே ஆபத்து.

இரைப்பையில் வந்தால் இரைப்பைப் புண். அதைத் தாண்டிச் சிறுகுடல் தொடங்கும் இடத்தில் வந்தால் முன்சிறுகுடல் புண். பேச்சில் இரண்டையுமே அல்சர் என்கிறோம். புற்றுநோய் பற்றிப் பேசும்போது இந்த வேறுபாடு தேவைப்படும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நேரத்துக்குச் சாப்பிடாததால்தான் அல்சர் வருகிறதா?

இல்லை. முன்சிறுகுடலில் புண் இருப்பவருக்கு வெறும் வயிற்றில் வலிக்கும், சாப்பிட்டால் கொஞ்சம் அடங்கும். அதனால் பட்டினிதான் புண்ணை உண்டாக்கியது என்று தோன்றுகிறது. உண்மையில் பசி, ஏற்கெனவே இருக்கும் புண்ணை உணர்த்துகிறது, அவ்வளவுதான்.

பெரும்பாலான புண்களுக்கு இரண்டு காரணங்கள். ஒன்று, ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற பாக்டீரியா. இரண்டு, வலி மாத்திரைகள்.

பாக்டீரியா என்று கண்டுபிடித்த கதையைச் சொல்லியாக வேண்டும். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன் என்ற நோய்க்கூறியல் மருத்துவர், இரைப்பையிலிருந்து எடுத்த திசுக்களில் சுருள் வடிவக் கிருமிகள் ஒட்டியிருப்பதை 1979-ல் கவனித்தார். இவ்வளவு அமிலத்தில் எதுவும் வாழ முடியாது என்பதுதான் அன்றைய நம்பிக்கை. பாரி மார்ஷல் என்ற இளம் மருத்துவர் அவரோடு சேர்ந்து அதை ஆய்வகத்தில் வளர்க்கப் பார்த்தார். மாதிரிக்குப் பின் மாதிரியாகத் தோல்வி. இரண்டு நாளில் எதுவும் முளைக்கவில்லை என்றால் தட்டைத் தூக்கி எறிந்துவிடுவது வழக்கம். 1982 ஈஸ்டர் விடுமுறையில் ஒரு தட்டு எடுக்கப்படாமல் ஐந்து நாள் அப்படியே கிடந்தது. திரும்பி வந்து பார்த்தால் அதில் கிருமி வளர்ந்திருந்தது. மெதுவாக வளரும் இனம். அதுவரை யாரும் அதற்கு நேரம் கொடுக்கவில்லை.

அப்போதும் மருத்துவ உலகம் நம்பவில்லை. 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமிக் கரைசலைத் தானே குடித்தார். சில நாட்களில் வாந்தி, வாய் நாற்றம். எண்டோஸ்கோபி செய்து பார்த்ததில் இரைப்பை அழற்சி உறுதியானது. 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அதுவரை எத்தனை கோடிப் பேர், தங்கள் சுபாவத்தாலும் சாப்பாட்டுப் பழக்கத்தாலும் வந்த நோய் என்று தங்களையே நொந்துகொண்டிருந்தார்கள் என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது.

இந்தக் கிருமி எப்போது, எப்படித் தொற்றுகிறது?

பெரும்பாலும் சின்ன வயதில், குடும்பத்துக்குள்ளேயே. தாயிடமிருந்து குழந்தைக்கு, அண்ணன் அக்காவிடமிருந்து அடுத்த பிள்ளைக்கு. வாந்தி, எச்சில், மலம் ஆகியவற்றின் வழியாகப் பரவுவதாகத்தான் சான்றுகள் காட்டுகின்றன. சுத்தமில்லாத தண்ணீரும் ஒரு வழி. ஒருமுறை இரைப்பையில் குடியேறிவிட்டால், சிகிச்சை இல்லாமல் அது பொதுவாகப் போவதில்லை. தன்னைச் சுற்றி அமோனியாவை உண்டாக்கி அமிலத்தைத் தணித்துக்கொண்டு பல பத்தாண்டுகள் வாழ்கிறது.

ஆகவே ஐம்பது வயதில் அல்சரோடு வரும் ஒருவரிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. சிறு வயதில் ஒரே அறையில் எத்தனை பேர் படுத்தீர்கள்? தண்ணீர் எங்கிருந்து வந்தது? கழிப்பறை இருந்ததா? கை கழுவ வசதி இருந்ததா? இவையெல்லாம் எந்தக் குழந்தையும் தேர்ந்தெடுத்தவை அல்ல.

அப்படியானால் இது ஏழைகளின் நோயா?

வறுமையோடு நெருங்கிய தொடர்பு உண்டு என்பது சரி. வருமானமும் படிப்பும் குறைந்த குடும்பங்களில் இந்தத் தொற்று அதிகம். இரைப்பைப் புற்றுநோயும் அதிகம். ஆனால் இப்போது கையில் எவ்வளவு காசு இருக்கிறது என்பதைவிட, பிறந்து வளர்ந்த காலத்தில் வீடு எப்படி இருந்தது என்பதுதான் பெரிது. பிற்பாடு வசதியாகிவிட்டவரின் வயிற்றிலும் பழைய கிருமி இருந்துகொண்டேதான் இருக்கும்.

இதை நன்றாகக் காட்டியவர்கள் புலம்பெயர்ந்தவர்கள். ஜப்பானிலிருந்து ஹவாய்க்குக் குடியேறிய முதல் தலைமுறையிடம் இரைப்பைப் புற்றுநோய் தொடர்ந்து அதிகமாகவே இருந்தது. அங்கே பிறந்த அவர்களுடைய பிள்ளைகளிடம் கணிசமாகக் குறைந்தது. பரம்பரை அதேதான். மாறியது குழந்தைப்பருவச் சூழலும் சாப்பாடும்.

இன்னொரு சாட்சி, காலம். 1930-களில் அமெரிக்க ஆண்களிடையே புற்றுநோய் மரணங்களில் முதலிடம் இரைப்பைப் புற்றுநோய்க்குத்தான். அதன்பின் அது இறங்கிக்கொண்டே வந்தது. யாரும் அதற்கென்று மருந்து கொடுக்கவில்லை, கிருமி இருப்பதே தெரியாது. குழாயில் சுத்தமான தண்ணீர் வந்தது, குடும்பங்கள் சிறிதாகின, ஃபிரிட்ஜ் வந்தது. பொதுச் சுகாதாரம் சத்தமில்லாமல் செய்த வேலைகளில் இதை மிகப் பெரியது என்று நான் நினைக்கிறேன்.

காரம் சாப்பிட்டால் அல்சர் வருமா? காபி?

காரம் புண்ணை உண்டாக்குவதாகச் சான்று இல்லை. ஏற்கெனவே எரிச்சல் இருப்பவருக்கு அதைக் கூட்டலாம். காபியும் அப்படியே. உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் குறைத்துக்கொள்ளுங்கள், ஒத்துக்கொண்டால் பயந்து நிறுத்த வேண்டியதில்லை.

பால் குடித்தால் ஆறுமா?

கொஞ்ச நேரம் இதமாக இருக்கும். அப்புறம் பாலே அமிலச் சுரப்பைத் தூண்டிவிடும். உணவாகக் குடிக்கலாம், மருந்தாக நினைக்க வேண்டாம்.

மன அழுத்தத்துக்குப் பங்கே இல்லையா?

இருக்கிறது. கிருமி கண்டுபிடிக்கப்பட்டதும் பலர் மறுமுனைக்குப் போய், மனசுக்கும் அல்சருக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அது சரியில்லை.

1940-ல் லண்டன்மீது விமானக் குண்டுவீச்சு தொடங்கிய மாதங்களில், புண் பொத்துக்கொண்டு மருத்துவமனைக்கு வந்தவர்களின் எண்ணிக்கை திடீரென்று கூடியது. 1995 ஜனவரியில் ஜப்பானின் கோபே பகுதியில் பெரும் நிலநடுக்கம் வந்த பிறகு, ரத்தம் கசியும் இரைப்பைப் புண்கள் அதிகரித்தன. டென்மார்க்கில் 3,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களைப் பல ஆண்டுகள் கவனித்து 2015-ல் வெளியான ஆய்வில், மன அழுத்தம் அதிகம் இருந்தவர்களுக்குப் புண் அதிகமாக வந்தது தெரிந்தது. கிருமி இருந்ததா, வலி மாத்திரை போட்டார்களா என்பதையெல்லாம் கணக்கில் எடுத்த பிறகும் அந்தத் தொடர்பு மறையவில்லை.

எப்படி இது நடக்கிறது? அழுத்தம் நேரடியாக அமிலத்தைக் கூட்டலாம், சுவருக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கலாம். அதோடு, அழுத்தத்தில் இருப்பவர் சரியாகத் தூங்குவதில்லை, புகை கூடுகிறது, தலைவலி மாத்திரை கூடுகிறது. பெரும்பாலும் கிருமி திரியை வைத்திருக்கிறது, அழுத்தம் தீயைக் கிட்டே கொண்டுவருகிறது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். "டென்ஷன் ஆகாதே" என்பது மருத்துவ ஆலோசனை ஆகாது. வேலை நிலையில்லாதவர், கடனில் இருப்பவர், இரவு ஷிஃப்ட் முடித்துவிட்டுப் பகலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர் ஆகியோரின் அழுத்தம் அவர்கள் மனதில் முளைத்தது அல்ல. அவர்களுடைய நாளில் யாராவது ஒரு பங்கை வாங்கிக்கொண்டால்தான் அது குறையும்.

வலி மாத்திரையால் அல்சர் வரும் என்கிறார்களே, எவ்வளவு உண்மை?

முழு உண்மை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், நாப்ராக்ஸென், ஆஸ்பிரின் போன்றவை வலியைக் குறைப்பதற்காக உடலில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உருவாவதைத் தடுக்கின்றன. அதே பொருள்தான் இரைப்பையின் சளிப்படலத்தையும் ரத்த ஓட்டத்தையும் பேணுகிறது. ஆக, மூட்டுவலி அடங்கும்போதே வயிற்றின் காப்பும் இறங்குகிறது. ஊசியாகப் போட்டாலும், வயிற்றில் கரையாத பூச்சுள்ள மாத்திரையாக விழுங்கினாலும் இந்த ஆபத்து போய்விடாது, ஏனென்றால் வேலை ரத்தத்தின் வழியாக நடக்கிறது.

அறுபது தாண்டியவர்கள், முன்பு புண் வந்தவர்கள், ஸ்டீராய்டோ ரத்தம் உறையாமலிருக்கும் மருந்தோ சேர்த்து எடுப்பவர்கள் ஆகியோருக்கு ஆபத்து இன்னும் அதிகம். ஹெலிகோபேக்டர் தொற்றும் இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று பெருக்கிவிடும்.

இதிலும் சமூகம் வருகிறது. நாள் முழுதும் நின்று, குனிந்து, சுமந்து வேலை செய்கிறவர் முழங்கால் வலிக்கு ஓய்வெடுத்தால் அன்றைய கூலி போகும். அதனால் மாத்திரை அட்டை சட்டைப்பையிலேயே இருக்கிறது. காலையில் ஒன்று, மதியம் வலி திரும்பியதும் இன்னொன்று. அட்டையின் பின்பக்கத் தகடு கிழிந்து கிழிந்து, பத்தில் இரண்டுதான் மிச்சம். சீட்டு எழுதியவர் ஐந்து நாளைக்குத்தான் எழுதியிருப்பார். அது ஐந்து மாதமாகிவிட்டது. இந்த மாத்திரைப் புண்கள் பல நேரம் வலிப்பதே இல்லை. ரத்தம் கசிந்த பிறகுதான் தெரியவரும்.

என்ன செய்யலாம்? தாங்கக்கூடிய வலிக்குப் பாராசிட்டமால் சரியான அளவில் போதுமா என்று முதலில் பாருங்கள். நீண்ட நாள் வலி மாத்திரை தவிர்க்க முடியாதது என்றால், வயிற்றைக் காக்கும் மருந்தும் சேர்த்து வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். இதயத்துக்காக ஆஸ்பிரின் எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாங்களாக நிறுத்திவிடக் கூடாது. அது வேறு பெரிய ஆபத்து.

புகையும் மதுவும்?

புகைப்பவருக்குப் புண் எளிதில் வரும், ஆறத் தாமதமாகும், ஆறியது திரும்பும். இரைப்பைப் புற்றுநோய்க்கும் புகையிலை உறுதிசெய்யப்பட்ட காரணம். புகைக்கும் ஆண்களுக்கு அபாயம் சுமார் ஒன்றரை மடங்கு. நிறுத்தினால் ஆண்டுகள் போகப்போக இறங்குகிறது.

மது அளவோடு குடித்தால் புண் வரும் என்பதற்கு வலுவான சான்று இல்லை. ஆனால் மிகையாகக் குடிப்பது இரைப்பைச் சுவரைக் காயப்படுத்தும், இருக்கும் புண்ணில் ரத்தக்கசிவை உண்டாக்கும். நாளுக்கு மூன்று கோப்பைக்கு மேல் போகும்போது இரைப்பைப் புற்றுநோய் அபாயமும் கூடுகிறது.

உப்புக்கும் இரைப்பைப் புற்றுநோய்க்கும் என்ன தொடர்பு?

அதிக உப்பு இரைப்பையின் சளிப்படலத்தைக் கெடுக்கிறது, கிருமியின் தாக்குதலையும் வலுவாக்குகிறது. உப்பிலேயே பதப்படுத்திய மீன், இறைச்சி, காய்கறி ஆகியவற்றை நிறையச் சாப்பிடும் மக்களிடம் இந்தப் புற்றுநோய் அதிகம். புகையூட்டிய, நைட்ரைட் சேர்த்துப் பதப்படுத்திய இறைச்சியிலிருந்து வயிற்றில் நைட்ரசோ சேர்மங்கள் உருவாகலாம்; அவை செல்களின் மரபணுவைச் சேதப்படுத்தக்கூடியவை. புதிய பழங்களும் காய்கறிகளும் இதற்கு எதிர்த்திசையில் வேலை செய்வதாகத் தெரிகிறது.

ஃபிரிட்ஜ் ஏன் பெரிய விஷயம் என்பது இப்போது புரியும். குளிர்வசதி இல்லாத வீட்டில் உணவைக் காப்பாற்ற உப்பும் புகையும்தான் வழி. அது வந்ததும் உப்புச் சரக்கு குறைந்து, ஆண்டு முழுதும் பச்சைக் காய்கறி கிடைத்தது. உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு, ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு. ஏறக்குறைய ஒரு டீஸ்பூன். சமையலில் போடுவதும் பொட்டலத்தில் ஏற்கெனவே இருப்பதும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு.

அல்சர் புற்றுநோயாக மாறுமா?

முன்சிறுகுடல் புண் உள்ளவர்களுக்கு இரைப்பைப் புற்றுநோய் மற்றவர்களைவிடக் குறைவாகவே வருகிறது. கேட்கவே ஆச்சரியமாக இருக்கும், ஆனால் பெரிய ஆய்வுகளில் உறுதியானது. இரைப்பைப் புண் உள்ளவர்களுக்கோ அபாயம் சற்று அதிகம். ஒரே கிருமி, இரண்டு பாதை. தொற்று இரைப்பையின் கீழ்ப்பகுதியில் மட்டும் இருந்தால் அமிலம் கூடி முன்சிறுகுடலில் புண் வருகிறது. இரைப்பை முழுதும் பரவி ஆண்டுக்கணக்கில் அழற்சி நீடித்தால், அமிலம் சுரக்கும் செல்களே தேய்ந்துபோகின்றன. அங்கேதான் புற்றுநோய்க்கான மண் தயாராகிறது.

அப்புறம் இன்னொன்று: புற்றுநோயே சில நேரம் சாதாரணப் புண் போலத் தோற்றம் தரும். அதனால்தான் இரைப்பையில் புண் பார்த்தால் அதன் ஓரத்திலிருந்து சதைத் துணுக்கு எடுத்து பயாப்சிக்கு அனுப்புகிறார்கள். பயாப்சி என்றதும் பயந்துவிட வேண்டாம், அது வழக்கமான நடைமுறை.

கிருமி இருக்கும் எல்லோருக்கும் புற்றுநோய் வருமா?

வராது. தொற்று உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் வருவதே இல்லை. நூற்றில் ஓரிருவருக்கு வரலாம் என்பது பொதுவான மதிப்பீடு. ஆனால் உலகில் கோடிக்கணக்கானவர்களிடம் இந்தத் தொற்று இருப்பதால் அந்தச் சிறு விகிதமே பெரிய எண்ணிக்கையாகிவிடுகிறது. 2022-ல் உலகம் முழுதும் சுமார் 9 லட்சத்து 70 ஆயிரம் பேருக்கு இரைப்பைப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது; சுமார் 6 லட்சத்து 60 ஆயிரம் பேர் இறந்தார்கள். ஆண்கள் பெண்களைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994-லேயே இந்தக் கிருமியைப் புற்றுநோய் உண்டாக்கும் காரணிகளின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது.

பெற்றோர், உடன்பிறந்தோர் யாருக்காவது இரைப்பைப் புற்றுநோய் வந்திருந்தால் உங்கள் அபாயம் கூடுதல். பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

வருடக்கணக்காக அசிடிட்டி மாத்திரை போட்டுச் சமாளிக்கிறேன். பரவாயில்லையா?

பரிசோதனை செய்யாமல் என்றால், பரவாயில்லை என்று சொல்ல முடியாது. இந்த மாத்திரைகள் வலியைத் தணிக்கும். அடியில் இருப்பது கிருமியா, புண்ணா, அதைவிடப் பெரிதா என்று சொல்லாது. தொடக்க நிலைப் புற்றுநோயில்கூட இவற்றால் சிலருக்கு அறிகுறி அடங்கி, நாள் தள்ளிப்போகும்.

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள்: முயலாமலே எடை குறைவது, விழுங்கச் சிரமம், கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துபோவது, திரும்பத் திரும்ப வாந்தி, காரணம் தெரியாத ரத்தசோகை. ரத்த வாந்தியோ, காபித்தூள் கரைந்தது போன்ற வாந்தியோ, தார் போலக் கருப்பாகப் பிசுபிசுக்கும் மலமோ வந்தால் அன்றைக்கே மருத்துவமனை. இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கருக்கும். அதை எடுப்பவர்கள் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

தாமதமாக வருகிறவர்களை அலட்சியக்காரர்கள் என்று ஒதுக்குவது சுலபம். ஒரு நாள் விடுப்பு, போகவர ஆகும் செலவு, கூட வர ஆள், எண்டோஸ்கோபி என்றால் என்னவோ என்ற பயம் — இவை நான்கும் சேர்ந்துதான் மாதங்களை விழுங்குகின்றன. உங்கள் வீட்டில் யாராவது தயங்கினால் அறிவுரையைவிடக் கூடப் போவது உதவும். சோதனை பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

கிருமியை ஒழித்தால் புற்றுநோயைத் தடுக்க முடியுமா?

பெருமளவு முடியும். தைவானைச் சேர்ந்த மாட்சு தீவுகளில் இரைப்பைப் புற்றுநோய் மிக அதிகமாக இருந்தது. 2004 முதல் அங்கே பெரியவர்களை ஊரோடு பரிசோதித்து, தொற்று இருந்தவர்களுக்கெல்லாம் மருந்து கொடுத்தார்கள். 2018 வாக்கில் தொற்று 64 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாக இறங்கியது, புதிதாக வரும் இரைப்பைப் புற்றுநோய் ஏறக்குறையப் பாதியானது. தனித்தனியாக யார் கவனமாக இருந்தார்கள் என்று பார்க்காமல் ஊரையே சேர்த்துப் பார்த்ததால் கிடைத்த பலன் இது. இரைப்பைச் சுவர் நிறையத் தேய்வதற்கு முன்பே ஒழித்தால் பலன் அதிகம். பிறகு ஒழித்தாலும் பலன் உண்டு, ஆனால் கண்காணிப்பு தொடர வேண்டும்.

சிகிச்சை எத்தனை நாள்? முடிந்ததும் நிம்மதியாக இருக்கலாமா?

வழக்கமாக 14 நாள். அமிலத்தைக் குறைக்கும் மருந்தோடு குறைந்தது இரண்டு ஆன்டிபயாடிக்குகள், பெரும்பாலும் பிஸ்மத் என்ற மருந்தும் சேர்த்து. ஒரு நாளைக்கு விழுங்க வேண்டிய மாத்திரைகள் நிறைய. வாயில் உலோகச் சுவை, குமட்டல், லேசான வயிற்றுப்போக்கு எல்லாம் வரலாம். பிஸ்மத்தால் நாக்கும் மலமும் கருக்கும். ஐந்தாறு நாளில் வலி போய்விட்டது என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். மிஞ்சிய கிருமி மருந்துக்குப் பழகிவிட்டால் அடுத்த சுற்று கடினமாகும். முடியவில்லை என்றால் நிறுத்துவதற்கு முன் டாக்டரிடம் பேசுங்கள், மருந்தை மாற்ற வழி இருக்கிறது.

முடிந்த பிறகு, கிருமி போய்விட்டதா என்று உறுதிசெய்தே ஆக வேண்டும். கடைசி ஆன்டிபயாடிக் போட்டு குறைந்தது நான்கு வாரம் கழித்து, மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ செய்வார்கள். அசிடிட்டி மாத்திரையை அதற்கு இரண்டு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள், இல்லாவிட்டால் கிருமி இருந்தாலும் இல்லை என்று காட்டிவிடக்கூடும். ரத்தப் பரிசோதனை இதற்கு உதவாது. கிருமி போன பிறகும் பல மாதங்கள் அதன் அடையாளம் ரத்தத்தில் இருக்கும். சிகிச்சை தொடங்கும் அன்றைக்கே நாட்காட்டியில் ஆறு வாரம் எண்ணி, அந்த நாளைக் குறித்து வைத்துவிடுங்கள்.